கறுப்பு உடையில் நாற்பது ஆண்டுகள்

1885 ஏப்ரலில் ரிச்சர்ட் கிங் இறந்தபோது அவர் மனைவி ஹென்றியட்டாவுக்கு வயது 52. தெற்கு டெக்சாஸில் கணவர் விட்டுப்போனது ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலம். கூடவே 5 லட்சம் டாலர் கடன்.

கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் விற்கவில்லை.

அன்று முதல் கடைசிவரை கறுப்பு உடைதான். மருமகனாக வந்த ராபர்ட் கிளேபர்க்கிடம் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டு, பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வறட்சியில் மாடுகள் செத்து விழும் பூமி அது. 1899-இல் ஆழ்துளை போட்டபோது தண்ணீர் தானாகவே பீறிட்டு வந்தது. கடன் அடைந்தது, நிலமும் பெருகியது.

1904-இல் ரயில் வந்ததும் தன் நிலத்திலேயே கிங்ஸ்வில் என்ற ஊர் எழ வழிசெய்தார். பாதிரியாரின் மகள் அல்லவா, மனைப் பத்திரத்திலேயே ‘மது விற்கக் கூடாது’ என்று நிபந்தனை! தான் பிரெஸ்பிடீரியன் சபைக்காரர் என்றாலும் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், கத்தோலிக்கச் சபைகளுக்கும் கோயில் கட்ட இடம் கொடுத்தார். உயர்நிலைப் பள்ளி ஒன்றைக் கட்டி ஊரிடம் ஒப்படைத்தார்.

1925 மார்ச் 31-இல், 92 வயதில் காலமானார். சவ ஊர்வலத்தின் இருபுறமும் பண்ணையின் மாடுமேய்ப்பர்கள் சுமார் 200 பேர் குதிரையில் வந்தார்கள். பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்தவர்கள். குழிக்குள் பெட்டியை இறக்கியதும், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவரும் கல்லறையைக் குதிரையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மாடுகளைப் பார்க்கத் திரும்பிப் போனார்கள்.