ஆயில் எந்தப் பக்கம் ஓடும்?

பைக் இஞ்சினைக் கழற்றி ஒரு சின்னப் பந்தயக் காருக்குள் வைத்து ஓட்டுகிறார்கள் என்று சொன்னால், வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆலந்தலையில் பிறந்த எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கரையில், வேறு எதற்காகவோ பிறந்த இஞ்சின்களைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். தரையில் அசையாமல் உட்கார்ந்து தண்ணீர் இறைக்க வேண்டிய டீசல் இஞ்சின், வள்ளத்துக்குள் ஏறி, அலைக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பும். அதை அப்படிப் போய்வர வைக்கிற கைகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறான். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து ஃபார்முலா பாரத் போட்டிக்காக ஒற்றை இருக்கைக் கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில், நாடு முழுவதிலிருந்தும் வரும் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களை ஓட்டிக் காட்டும் போட்டி அது. பெட்ரோல் காருக்கு 710 சிசி வரைதான் அனுமதி. இஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகவே போயாக வேண்டும். இந்தக் கட்டுக்குள் அடங்குவது பைக் இஞ்சின்தான். 373 சிசி கேடிஎம் இஞ்சினை நம் மாணவர்கள் பலரும் எடுக்கிறார்கள். எடை குறைவு, கிளட்சும் கியரும் அதே கூட்டுக்குள் இருக்கின்றன, உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், செல்போனில் காரின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். வள்ளத்து இஞ்சின்களைப் பார்க்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“பைக்கு வளைவுல சாயும். ஒன் காரு சாயுமாடே?”

“சாயாது தாத்தா.”

“அப்ப ஆயிலு எந்தப் பக்கம் ஓடும்?”

மருமகன் பதில் சொல்லாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு கேள்விக்குள்தான் மொத்த வேலையும் இருக்கிறது. பைக் வளைவில் திரும்பும்போது வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து உள்பக்கமாகச் சாய்கிறார்கள். அதனால் ஆயில், இஞ்சினுக்கு அடியில் உள்ள தொட்டியான சம்ப்பின் அடியிலேயே கிடக்கும். கார் சாய்வதில்லை. வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டு விசை வண்டியின் எடைக்குச் சமமாகிவிட்டால், ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரிக்குச் சரிந்து ஒரு சுவரோடு ஏறிக்கொள்ளும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் வெறும் காற்றில் நிற்கும். பேரிங்குக்கு ஆயில் போகாத சில நொடிகளே போதும், இஞ்சின் போய்விடும். பைக்கில் இருந்தவரை இந்த ஆபத்திலிருந்து இஞ்சினைக் காப்பாற்றியது வண்டியின் சாய்வு. அதை யாரும் இஞ்சினின் பாகமாக எண்ணிப் பார்ப்பதில்லை.

பெரியவருக்கு இது எப்படித் தெரியும்? வள்ளத்தில் புரோப்பெல்லரைச் சுற்றும் சாஃப்ட் பின்பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. அதோடு நேராக இணைய வேண்டிய இஞ்சினும் சரிந்துதான் உட்காரும். தரையில் மட்டமாக நிற்பதற்கென்று, ஆயில் அளக்கும் டிப் ஸ்டிக்கில் போட்ட கோடு, சரிந்த இஞ்சினில் பொய் சொல்லும். அவர் என்ன செய்வார் தெரியுமா? மட்டமான இடத்தில் வைத்து ஆயிலைச் சரியாக அளந்து ஊற்றுவார். பிறகு இஞ்சினை வள்ளத்தில் ஏற்றி, குச்சியை விட்டு எடுத்து, ஆயில் நிற்கும் இடத்தில் அரத்தால் ஒரு புதுக் கோடு இழுப்பார். அந்தக் குச்சியை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கம்பெனிக் கோடு ஒன்று, அவர் போட்ட கோடு ஒன்று. வள்ளத்துக்காரருக்கு இரண்டாவது கோடுதான் கணக்கு.

கடலோர இஞ்சின்களைப் பற்றி அறிவாளிகள் யோசிக்காமல் இல்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. துறைமுகம் இல்லாத கரைகளில் அலையோடு அலையாக மணலில் ஏறும் படகுகளுக்காக, இஞ்சினும் சாஃப்டும் புரோப்பெல்லரும் ஒன்றாகச் சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். தண்ணீர் புகாமலிருக்க இடையில் ஒரு ரப்பர் உறை. இஞ்சின் என்னவோ தரை இஞ்சின்தான். அறிவு முழுவதும் அதைச் சுற்றிக் கட்டிய ஏற்பாட்டில் இருந்தது.

காரிலும் அதே கதைதான். பைக் போகிற வேகத்தில் எதிர்க்காற்று ரேடியேட்டரில் தானாக வந்து அடிக்கும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்த இஞ்சினுக்கு அந்தக் காற்று கிடையாது. ரேடியேட்டரைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, விசிறியும் வைக்க வேண்டும். பைக்கின் ஒற்றைப் பின்சக்கரத்துக்குச் செயின் போதும். இரண்டு பின்சக்கரம் வந்ததும், வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் உருள வேண்டியிருப்பதால், டிஃபரன்ஷியலைத் தேடிப் பிடித்து அதன்மேல் பல்சக்கரத்தைப் பூட்ட வேண்டும். பைக்குக்கு ரிவர்ஸ் கியர் பொதுவாக இருப்பதில்லை. பந்தயத் தடத்தில் அது பெரிதில்லை. சாலையில் ஓட்டும் காருக்கு அதற்கென ஒரு தனிப் பெட்டியோ மின்மோட்டாரோ வேண்டியிருக்கும். கிளட்ச் பாடு இன்னும் மோசம். லேசான வண்டியை நகர்த்தப் பிறந்தது, அதைவிடக் கூடுதலான எடையை ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்திலிருந்து இழுக்க வேண்டும்.

இந்தச் செயின் ஒரு காலத்தில் கார்ப் பந்தயத்தின் போக்கையே மாற்றியிருக்கிறது. 1946இல் இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும், இரண்டு ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பாகங்களை முதுகோடு முதுகாக ஒட்டி ஒரு குட்டிப் பந்தயக் கார் கட்டினார்கள். அதற்குள் வைத்தது 500 சிசி ஜேஏபி பைக் இஞ்சின். பின்சக்கரத்தைச் செயினால் இழுக்க வேண்டியிருந்ததால் இஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். கைக்கு எளிதாக இருந்ததைச் செய்தார்கள், அவ்வளவே. 1959, 1960 இரண்டு ஆண்டுகளிலும் ஜாக் பிரபாம் உலகச் சாம்பியன் ஆனது, பின்னால் இஞ்சின் வைத்த கூப்பர் காரில்தான். பைக்கில் பேர் வாங்கிய ஹோண்டாவும் 1963இல் தன் முதல் ஸ்போர்ட்ஸ் காரான எஸ் 500ஐக் கொண்டுவந்தபோது, 531 சிசி இஞ்சினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குச் செயின் வழியாகவே அனுப்பியது.

நம் பக்கத்தில் இப்படி இஞ்சினை இடம் மாற்றி வைக்கும் துணிச்சல் கோவைக்காரர் கரிவர்தனிடம் இருந்தது. மாருதி 800இன் 796 சிசி இஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் பின்பக்கம் வைத்து, ஃபார்முலா மாருதி என்ற வகுப்பையே உண்டாக்கினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டிய வண்டி அது. 1995இல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். செட்டிப்பாளையம் தடம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

சென்னையின் மீன்பாடி வண்டியை இந்த வரிசையில் சேர்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. மிதித்து ஓட்டிய மூன்று சக்கர வண்டியில் பழைய பைக்கின், ஸ்கூட்டரின் இஞ்சினை மாட்டி, சந்துகளுக்குள் சரக்கு கொண்டுபோனவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். பிரேக் போதாத அந்த வண்டி ஆபத்தானதுதான், போலீஸ் பிடிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதைக் கட்டியவருக்கு யாராவது நல்ல பிரேக் போடச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

மருமகன் அடுத்த முறை வந்தபோது பையில் அதே மாதிரி சம்ப் ஒன்றைக் கொண்டுவந்தான். பெரியவர் அதில் தண்ணீர் ஊற்றி, ஒரு பலகையில் வைத்துப் பக்கவாட்டில் சாய்த்தார். குழாயின் வாய் வரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, விரல் எப்போது தண்ணீரை விட்டு வெளியே வருகிறது என்று பார்த்தார். மறுபக்கமும் சாய்த்தார். பிறகு சாக்கட்டியால் கோடு போட்டு, இந்த இடத்தில் தடுப்புத் தகடு, இதில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு, ஆயில் உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது என்றார். கல்லூரியில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததற்கும் அவர் கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று மருமகன் சொன்னான். கம்ப்யூட்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது அவன் கூட்டாளி ஒருவனுக்கு வேறு ஆசை. வீட்டில் தாத்தா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறதாம், 1961 முதல் சென்னையில் தயாரான கார். அதற்குள் ஹயபுசா பைக்கின் இஞ்சினை வைக்கலாமா என்று கேட்டுவிட்டான். இங்கிலாந்தில் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அதனால் ஆசையில் தப்பில்லை. ஆனால் ஹெரால்டின் 948 சிசி இஞ்சின் சுற்றுகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். சுற்றினால் அதையே ஓட்டட்டும். வெடித்துப்போய்ப் பாகமும் கிடைக்காது என்றால் மட்டும் மாற்றட்டும். அப்போதும் பழைய அடிச்சட்டத்தில் வெட்டோ வெல்டிங்கோ கூடாது. ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் பொருந்துகிற மாதிரி தனிச் சட்டம் அடித்து, அதன்மேல் இஞ்சினை உட்கார வைக்கட்டும். வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருப்பதால், ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பழைய இஞ்சினைக் காயலான் கடையில் போடாமல், சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, வாய்களையெல்லாம் அடைத்து, துணி சுற்றி வீட்டிலேயே வைத்திருக்கட்டும்.