இடது கதவு, வலது கதவு

ஒரு மொரிஸ் மைனர் காரின் பின்கதவுகளில் ஸ்பீக்கர் வைக்க வட்டமாக ஓட்டை வெட்டினார்கள். அதை வெட்டச் சொன்னது யார்? பிணக்கு இவ்வளவுதான். திருகோணமலையில் காணி வழக்கும் எல்லை வழக்கும் பேசிப் பழகிய சட்டத்தரணிகளுக்கு இது சிரிப்பு வழக்கு. ஆனால் கூலி வரும்வரை பொருளைத் தடுத்து வைக்கும் பற்றுரிமை எங்கே நிற்கும், எங்கே நிற்காது, ஒருவர் வாய் திறக்காமல் இருந்ததற்கு என்ன விலை என்பதையெல்லாம் சட்டக் கல்லூரிப் புத்தகத்தைவிட இந்தக் கதவுகள்தான் எனக்குத் தெளிவாகக் காட்டின.

நான் எதிராளிக்காகத் தோன்றினேன். கிண்ணியாக்காரர், முப்பது வயதுக்குள். அநுராதபுரச் சந்திப் பக்கம் சின்னக் கடை. வானுக்கும் ஓட்டோவுக்கும் செட் பூட்டுவது, ஸ்பீக்கர் பெட்டி அடிப்பது, வயரிங் பார்ப்பது தொழில். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, பாதைப் படகுக்குக் காத்து நிற்காமல் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இரவில் வீடு திரும்பும் இளைஞர்கள் நகரத்தில் கூடினார்கள். இவர் அவர்களில் ஒருவர். கைவேலை சுத்தம். பில் புத்தகம் மட்டும் கிடையாது.

வழக்காளி உவர்மலையில் வசித்த ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். கார் அவருடைய தகப்பனார் வாங்கியது. மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த வண்டி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. பத்து இலட்சம் வண்டிகள் என்ற கணக்கைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான். நம் நாட்டில் டாக்குத்தர், புறக்டர், பள்ளிக்கூட அதிபர் என்று படித்த உத்தியோகக்காரர் வீட்டு முற்றமெல்லாம் அது நின்றது. இவருடையது முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டாம் சீரிஸ், நாலு கதவு. இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன்பே பதிவான, ஆங்கில எழுத்து இலக்கம். துறைமுகக் காற்று தகரத்தைத் தின்னும் ஊரில் அந்தக் காரைத் துருப்பிடிக்காமல் காத்ததே ஒரு தவம். உள்ளே கதவுகளுக்கு ஹார்ட்போர்ட் பலகை, அதன்மேல் இழுத்து ஒட்டிய மெரூன் நிற ரெக்சின். அந்தப் பலகைகள் ஒருநாளும் கழற்றப்படாதவை என்று வழக்காளி சத்தியம் பண்ணிச் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை.

போர் முடிந்து சில வருடங்களில், தங்கையின் கல்யாணத்துக்கென்று வழக்காளியின் மகன் கனடாவிலிருந்து வந்தார். வரும்போது ஒரு சோடி ஸ்பீக்கரும் கொண்டுவந்தார். ஆறரை அங்குலம், வெள்ளிபோல மின்னும் வலைமூடி. மாப்பிள்ளை அழைப்புக்கு மைனர்தான் போகவேண்டும், அதில் பாட்டும் போகவேண்டும். காரை என் கட்சிக்காரரிடம் கொண்டுவந்து விட்டவரும் முற்பணம் கொடுத்தவரும் மகன்தான்.

என் கட்சிக்காரர் முதலில் சொன்னது, பின்சீட்டுக்கு மேலே கண்ணாடியோரம் உள்ள தட்டில் பலகை அடித்து வைப்போம், கதவைத் தொடவேண்டாம் என்று. அதற்கு மகன் சொன்னதை என் கட்சிக்காரர் அப்படியே சாட்சியத்தில் சொன்னார்: “மறைச்சு வைக்கிறதெண்டா என்னத்துக்குக் காசு குடுத்து வாங்கினனான்?” அத்தோடு, தட்டில் வைத்தால் பின்கண்ணாடி வழியாக வரும் வெயிலில் ஸ்பீக்கரின் கடதாசி கொஞ்ச நாளில் உக்கிவிடும் என்ற நியாயமும் இருந்தது. நம்மூர் வெயிலுக்கு அது உண்மைதான்.

ஆகவே கதவு. கடைக்காரர் ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, பலகைமேல் பிடித்துக்காட்டி, இங்கேயா, கொஞ்சம் கீழேயா என்று கேட்டிருக்கிறார். மகன் பென்சிலால் அட்டையில் ஒரு அம்புக்குறி போட்டு, தன் முதலெழுத்தையும் எழுதியிருக்கிறார். அந்த அட்டை கடையில் வேறு பழைய அட்டைகளோடு கம்பியில் கோத்துத் தொங்கியது. எழுத்தில் எங்களிடம் இருந்த ஒரே ஆவணம் அது. எண்ணெய்க் கறையோடு அதை நீதிமன்றத்தில் அடையாளமிட்டுச் சமர்ப்பித்தபோது பதிவாளர் இரண்டு விரலால் பிடித்து வாங்கினார்.

வேலை முடிந்தது. கல்யாணமும் வேறு காரில் முடிந்தது. ஏனென்றால் வழக்காளி கடைக்கு வந்து கதவுகளைப் பார்த்துவிட்டு மீதிக் காசு தரமாட்டேன் என்றார். காசு தராமல் கார் போகாது என்றார் என் கட்சிக்காரர். மகன் விமானம் ஏறிவிட்டார். பொலிஸில் முறைப்பாடு, இது சிவில் விஷயம் என்ற பதில், பிறகு மத்தியஸ்த சபை. சிறு தொகைப் பிணக்கை நேரே நீதிமன்றுக்குக் கொண்டுபோகவிடாத 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் நல்ல சட்டம்தான். பாதி வழக்கு அங்கேயே தேத்தண்ணியோடு தீர்ந்துவிடும். இது தீரவில்லை. இணக்கமில்லை என்ற சான்றிதழோடு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தது.

வழக்காளியின் சட்டத்தரணி என்னைவிட மூத்தவர், ரோமன் டச்சுச் சட்டத்தில் ஊறியவர். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை என்ற சொந்தச் சட்டம் இருக்கிறது. திருகோணமலைத் தமிழருக்கு அது இல்லை. 1795இல் ஒல்லாந்தர் கோட்டையை விட்டுப் போனார்கள், அவர்களுடைய சட்டம் போகவில்லை. மூத்தவர் எழுப்பிய கேள்வி எனக்கு வியர்வையை வரவழைத்தது. ஒருவர் பொருளில் இன்னொருவர் செய்த செலவை அந்தச் சட்டம் மூன்றாகப் பிரிக்கும்: அவசியச் செலவு, பயனுள்ள செலவு, ஆடம்பரச் செலவு. ஒப்பந்தம் செய்தவர் மகன், சொந்தக்காரர் தகப்பன். ஒப்பந்தத்தில் இல்லாத சொந்தக்காரருக்கு எதிராகப் பொருளைத் தடுத்து வைப்பதென்றால் முதல் இரண்டு வகைச் செலவுக்குத்தான் பற்றுரிமை உண்டு. மூன்றாவதற்கு இல்லை. “மைனர் காரின் பின்கதவு ஸ்பீக்கர் எந்த வகை என்று என் கற்றறிந்த நண்பர் சொல்லட்டும்” என்று அமர்ந்தார்.

கொழும்புக்கு 260 கிலோமீற்றர் ஓடும்போது பாட்டு இருந்தால் சாரதிக்கு நித்திரை வராது, ஆகவே பயனுள்ளது என்று எழுந்து சொன்னேன். நீதிபதி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வாதத்தை நான் நீட்டவில்லை. வழக்கு நடக்கும்போதே காரை விடுவிக்க ஒத்துக்கொண்டோம், எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி. கடற்காற்றில் அது கடை வாசலில் நின்றால் இரு பக்கத்துக்கும் நட்டம்.

இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது: பற்றரி வயரை மாற்றிப் போட்டு காரையே நாசமாக்கிவிட்டார் என்று. இதற்கு நாங்கள் ஒரு முதிய மெக்கானிக்கைச் சாட்சியாக அழைத்தோம். துறைமுகத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனையைத்தான் பொடியோடு எர்த் பண்ணியிருக்கும் என்று விளக்கினார். இப்போதைய செட்டுக்கு நெகற்றிவ்தான் எர்த். மாற்றாமல் பூட்டினால் செட்டின் தகரக்கூடு காரின் பொடியில் பட்டதும் புகைதான். ஆகவே பற்றரி வயரை மாற்றி, கொயில் வயரை மாற்றி, பிறகு டைனமோவின் ஒரு முனையில் பற்றரி வயரை ஒருதரம் உரசிப் பொறி பறக்கவிட்டு அதற்குப் புதுத் திசையைப் பழக்கவேண்டும். “பொடியன் மூண்டும் செய்திருக்கிறான் ஐயா. இப்ப ஆரும் டைனமோவ நினைக்கிறேல்ல” என்றார். நீதிபதிக்கு எர்த் எப்படிப் பொசிற்றிவாக இருக்கும் என்பதில் உண்மையான ஆர்வம். மெக்கானிக் சாட்சிக்கூண்டில் நின்று விரலால் சுற்று வரைந்து காட்டினார். அந்தக் குற்றச்சாட்டை மற்றப் பக்கம் கைவிட்டது.

மிஞ்சியது ஓட்டைகள்.

மகனுக்கு அதிகாரம் இருந்ததென்று நாங்கள் நம்பினோம் என்றால் போதாது. அந்த நம்பிக்கையைத் தகப்பனார் ஏதோ ஒரு வகையில் ஊட்டியிருக்கவேண்டும். மகன் தானே தனக்கு அதிகாரம் உண்டென்று சொல்வது எடுபடாது. ஸ்பீக்கர் பூட்ட வருகிறவரிடம் வாகனப் புத்தகத்தைக் காட்டு என்று எந்தக் கடையும் கேட்பதில்லை என்று வாதிடலாம். ஆனால் பலகையை வெட்டுவது ஸ்பீக்கர் பூட்டுவதைவிடப் பெரிய விஷயம் என்ற பதில் தயாராக இருந்தது.

வழக்காளி முதல் விசாரணையில், எல்லாம் முடிந்து ஒப்படைக்கும் நாளில்தான் ஓட்டைகளைக் கண்டேன் என்றார். ஆனால் வேலை எவ்வளவு மோசம் என்று காட்டும் ஆத்திரத்தில் ஒன்றைக் கூடுதலாகச் சொன்னார்: இடையில் ஒருநாள் காப்புறுதிக் கடதாசி எடுக்கக் கடைக்குப் போனேன், புழுக்கம், பின் ஜன்னலை இறக்கினேன், அது பாதியில் டக்கென்று முட்டி நின்றது.

மைனரின் ஜன்னல் கைப்பிடி ஒரு சின்ன ஆணியில் நிற்பது. கதவுப் பலகையைக் கழற்றவேண்டுமென்றால் அதன் வட்டத் தட்டை உள்ளே அழுத்தி, ஆணியைத் தட்டி எடுத்து, கைப்பிடியை முதலில் எடுக்கவேண்டும். இதை என் கட்சிக்காரர் முதல்நாள் மாலை என் அறையில் ஒரு பழைய கைப்பிடியை வைத்துக் காட்டியிருந்தார்.

“எந்தக் கதவு ஐயா?”

“இடது.”

“கைப்பிடி இருந்ததா?”

“இருந்தது. சுத்தித்தானே இறக்கினன்.”

“அப்படியென்றால் பலகை பூட்டித்தான் இருந்தது. ஸ்பீக்கரும்?”

கொஞ்சம் பொறுத்து, “ஓம்” என்றார்.

“வலது கதவு?”

“அதில கைப்பிடி இல்ல. பலகை கழட்டிக் கீழ கிடந்தது.”

“பலகையில் ஓட்டை?”

“இல்ல. முழுசாத்தான் கிடந்தது.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“ஒண்டும் சொல்லேல்ல. தேத்தண்ணி தந்தவங்கள், குடிச்சிட்டு வந்தன்.”

நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நீதிபதியே கேட்டார், ஏன் சொல்லவில்லை என்று. வழக்காளி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்: “மகன் நிண்டவன் ஐயா. பத்து வருசத்துக்குப் பிறகு வந்த பிள்ளையோட கடைத்தெருவில சண்டை பிடிக்க ஏலுமோ?”

அந்தப் பதில் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 115ஆம் பிரிவில் அதற்கு இடமும் இல்லை. தன் சொல்லாலோ செயலாலோ செயலின்மையாலோ ஒன்றை இன்னொருவர் உண்மையென்று நம்பி நடக்க ஒருவர் வேண்டுமென்றே விட்டிருந்தால், பிறகு அவர் அதை மறுக்கமுடியாது. இதுதான் முரண்தடை. மூத்த சட்டத்தரணி அழகாக எதிர்த்தார்: பேசவேண்டிய கடமை இருக்கும்போது பேசாமல் இருந்தால்தான் தடை வரும், தகப்பன் மகன் முன்னால் பேசாமலிருப்பது பண்பாடு, சம்மதமல்ல. நான் சொன்னது, கடைக்காரருக்கு அந்தப் பண்பாட்டின் உள்வீட்டுக் கணக்குத் தெரியாது. காரின் சொந்தக்காரர் வந்தார், பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், போனார். ஒரு சொல் சொல்லியிருந்தால் வலது பலகை இன்றும் முழுசாக இருக்கும்.

அப்படிச் சொன்ன மறுகணமே என் வாதத்தின் மற்றப் பக்கமும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இடது கதவு ஏற்கெனவே வெட்டியாயிற்று. அவர் மௌனத்தை நம்பி நாங்கள் இடது கதவை வெட்டவில்லை. முரண்தடை வலது கதவுக்கு மட்டும்தான்.

நீதிபதி மதிய இடைவேளைக்கு முன் கீழே இறங்கி வந்தார். கார் வளவுக்குள் நின்றது. இடது பின்கதவைத் திறந்து, தானே கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி இறங்கி ஸ்பீக்கரின் காந்தத்தில் முட்டியது. வலப்பக்கம் போய்ச் சுற்றினார். அங்கேயும் அதே சத்தம். பூட்டுமுன் ஆழத்தை அளக்கவில்லை என்பது கண்முன் தெரிந்தது. வெட்டச் சம்மதித்தவர் பிழையாக வெட்டச் சம்மதித்ததாகாது. தொழிலுக்குரிய திறமை இல்லாமையும் குற்றம்தான் என்பது டச்சுச் சட்டத்தின் பழைய நிலை. அதை நாங்கள் அங்கேயே ஒத்துக்கொண்டோம்.

“இதை எப்படிச் சரிப்பண்ணுவீர்?” என்று நீதிபதி கேட்டார்.

“மரத்தில வளையம் ஒண்டு கடைஞ்சு, ஸ்பீக்கர வெளிய தூக்கி வெச்சாச் சரி சேர்.”

“அப்ப இன்னும் எடுப்பாத் தெரியுமே?”

“தெரியும் சேர்.”

முதலில் சிரித்தவர் வழக்காளிதான்.

பிறகு தீர்ப்பெழுதத் தேவை வரவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின் கீழ் இணக்கம் பதிவாயிற்று. இடது கதவுப் பலகைக்கும் வெட்டிய தகரத்துக்கும் உரிய நட்டஈடு எங்கள் மேல். வலது கதவுக்கான கூலி வழக்காளி மேல். இரண்டையும் கழித்தபோது கடைக்காரருக்கு வரவேண்டியது ஒரு சின்னத் தொகை. ஆங்கில எழுத்து இலக்கமும் பழைய பலகையும் உள்ள காரின் மதிப்பு விழுந்தது என்ற பெரிய கணக்கை அவர்களே விட்டுவிட்டார்கள். விற்கிற எண்ணம் அவருக்கு எக்காலத்திலும் இருக்கவில்லை. இடது கதவுக்குப் புதுப் பலகை அடித்து ஸ்பீக்கரை எடுத்துவிடவா என்று கேட்டதற்கு, “ஒண்டு இருக்கேக்க மற்றதும் இருக்கட்டும்” என்றார். வளையங்கள் கடைக்காரர் செலவில்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: வளையத்தைச் சுற்றி அதே மெரூன் ரெக்சின் ஒட்டவேண்டும், நிறம் பொருந்தவேண்டும். அந்த நிறம் திருகோணமலையில் இல்லை. கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில்தான் கிடைத்தது. போய்வந்த பஸ் காசு யார் தலையில் என்பதற்கு இணக்கத்தில் வாசகம் இல்லாததால், அதற்கென்று இன்னொரு தவணை போட்டார்கள்.