அம்பாசடர் இரும்பு, மாருதி தகரமா?

"அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா டாக்டரே? இடிச்சா எதிர்ல வந்தவன்தான் நசுங்குவான்!"

மஞ்சக்குப்பத்துல என்கிட்ட பிரஷர் பார்க்க வர்ற ஒரு பெரியவர் அடிக்கடி சொல்றது. வீட்ல எண்பதுகளில் வாங்கின அம்பாசடர் ஒண்ணு, தொண்ணூறுகளில் வாங்கின மாருதி 800 ஒண்ணு. பேரப்பிள்ளைகளோட சிதம்பரம் போகணும்னா அம்பாசடரைத்தான் எடுப்பார். மாருதி அவருக்கு டால்டா டின்.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். அதனால கொஞ்சம் விவரமா பேசிடுவோம்.

அம்பாசடரோட மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 1950-களில் வரைஞ்ச உடம்பு, 2014 வரைக்கும் பெருசா மாறல. எடை 1,100 கிலோவுக்கு மேல. மாருதி 800 வந்தது 1983 டிசம்பர்ல. எடை சுமார் 650 கிலோதான். அதோட தயாரிப்பும் 2014-லதான் நின்னுச்சு.

பெரியவர் சொல்றதுல பாதி நிஜம். இந்த ரெண்டும் நேருக்கு நேர் மோதினா கனமான வண்டியில இருக்கறவருக்கு அடி குறையலாம். ஆனா சிதம்பரம் ரோட்ல எதிர்ல வர்றது கரும்பு லாரியும் பஸ்ஸும். ஓரத்துல நிக்கிறது புளியமரம். அதுங்க முன்னாடி ரெண்டு வண்டியும் ஒண்ணுதான்.

இப்ப டாக்டரா பேசறேன். மோதினதும் வண்டி நின்னுடும், நீங்க நிக்க மாட்டீங்க. உங்க நெஞ்சு ஸ்டியரிங்ல மோதி நின்ன பிறகும், உள்ளே இதயமும் கல்லீரலும் மூளையும் முன்னே போய்க்கிட்டிருக்கும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாம, உள்ளே பெருந்தமனி கிழிஞ்சிருக்கலாம்.

வண்டியோட மூக்கு நசுங்கினா அந்த வேகம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். மாடியிலிருந்து சிமெண்ட் தரையில விழறதுக்கும் வைக்கோல் போர்ல விழறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். நசுங்க வேண்டியது மூக்கு. நசுங்கவே கூடாதது நீங்க உட்கார்ந்திருக்கிற இடம்.

2009-ல அமெரிக்காவுல இதைச் சோதிச்சே பார்த்தாங்க. 1959 செவ்ரோலே பெல் ஏர், 2009 செவ்ரோலே மலிபு. ரெண்டையும் தலா 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டாங்க. பழைய 'இரும்பு' வண்டியில டிரைவர் உட்கார்ற இடமே சுருங்கிப்போச்சு, ஸ்டியரிங் பொம்மை மேல ஏறிடுச்சு. மனுஷனா இருந்தா பிழைச்சிருக்க மாட்டார். புது வண்டிக்காரருக்கு காலில் சின்னக் காயம். வீடியோ இணையத்துல கிடைக்கும், பெரியவருக்கும் காட்டினேன். "அமெரிக்காக்காரன் தகடு மட்டம் தம்பி"ன்னுட்டார்!

அப்ப மாருதி 800 பாதுகாப்பா? அதுவும் இல்லீங்க. நசுங்கறதுக்கு அதுல மூக்கே கம்மி. 2014-ல குளோபல் என்கேப் சோதிச்ச ஐந்து இந்திய கார்கள்ல அதோட தம்பி ஆல்ட்டோ 800-ம் ஒண்ணு. பெரியவங்க பாதுகாப்புக்கு ஐந்துக்குமே பூஜ்ஜியம் ஸ்டார்.

பழைய வண்டியை வித்துடுங்கன்னு நான் சொல்லல. எனக்கும் அம்பாசடர் பின்சீட்டு ரொம்பப் பிடிக்கும். சில்வர் பீச் வரைக்கும் மெதுவா ஓட்டுங்க. பிள்ளைகளோட ஹைவேல போறதா இருந்தா, பின்சீட்லயும் பெல்ட் இருக்கிற வண்டியை எடுங்க. பின்னாடி பெல்ட் போடாதவர் மோதும்போது முன்சீட்ல இருக்கறவர் மேலேயே வந்து விழுவார்.

குழந்தையை மடியில வெச்சு முன்சீட்ல உட்காராதீங்க. 50 கி.மீ. வேகத்தில் மோதினா பத்துக் கிலோ பிள்ளை சில நூறு கிலோ பாரமா முன்னே இழுக்கும். எந்த அம்மாவாலயும் பிடிக்க முடியாது.