சிவப்பும் நீலமும் ஒரே பந்தியில்



லிவர்பூலுக்குக் குடிவந்த புதிதில் அக்கம்பக்கத்தார் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சிவப்பா, நீலமா?" சிவப்பு என்றால் லிவர்பூல் அணி, நீலம் என்றால் எவர்டன். நாகர்கோவிலிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பெற்றோர்களாகிய நாங்கள் சிரித்துச் சமாளித்துவிடுவோம். பிள்ளைகளோ பள்ளியில் சேர்ந்த சில நாளிலேயே பதிலோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலேயே மூத்தவன் சிவப்பு, இளையவள் நீலம்.

இரண்டு அணிகளும் மோதும் டெர்பி வாரத்தில் நமது வாலிபர் ஐக்கிய வாட்ஸ்அப் குழு எப்படிச் சூடாகும் என்பது உங்களுக்கே தெரியும். கேலி இருக்கட்டும், அது இல்லாமல் விளையாட்டில் ருசி ஏது? ஆனால் ஒரு டெர்பிக்குப் பிறகு, ஓய்வுநாள் பள்ளியில் சிறுவயது முதல் அருகருகே உட்கார்ந்த இரண்டு தம்பிமார் ஆறு வாரம் பேசிக்கொள்ளவில்லை. ஆராதனையில் சமாதானம் கூறி கைகொடுக்கும் நேரம் வந்தால் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார். இது இனி விளையாட்டு அல்ல என்று எங்களுக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை மாலை வாலிபர் எல்லாரோடும் உட்கார்ந்து பேசினோம்.

முதலில் இந்த அணிகள் பிறந்த கதையைச் சொன்னோம். எவர்டன் பகுதியில் செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் ஆலயம் இருந்தது. கோடையில் கிரிக்கெட் ஆடிய அந்தச் சபை வாலிபர், குளிர்காலத்திலும் சேர்ந்து விளையாட 1878இல் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு அதற்கு எவர்டன் என்று பெயராயிற்று. பின்னாளில் அவர்கள் ஆடிய ஆன்ஃபீல்ட் மைதானத்தின் வாடகை விஷயத்தில் உரிமையாளர் ஜான் ஹோல்டிங்கோடு தகராறு வந்தது. 1892இல் எவர்டன் அணி ஸ்டான்லி பூங்காவின் மறுபக்கத்தில் இருந்த குடிசன் பார்க்குக்குப் போய்விட்டது. காலியான மைதானத்துக்காக ஹோல்டிங் தொடங்கிய புது அணிதான் லிவர்பூல். அந்த அணி முதலில் அணிந்த சட்டை நீலமும் வெள்ளையும்! "நம்ம ஊர் சபைப் பிரிவினை மாதிரியே இருக்கே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அடுத்து 1989 ஏப்ரல் 15ஐப் பற்றிப் பேசினோம். ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ஆடிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில், ரசிகர்கள் நெரிசலில் நசுங்கி 97 பேரின் உயிர் போயிற்று. அதே நாளில் எவர்டன் வேறோர் ஊரில் நார்விச் அணியை வென்று இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது. ஒரு வாரத்தில் சிவப்பும் நீலமுமான கழுத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, குடிசன் பார்க்கிலிருந்து பூங்காவின் குறுக்கே ஆன்ஃபீல்ட் வரை கட்டினார்கள். அந்த நாளைச் சுமந்துகொண்டு வாழும் முதியவர்களை நர்ஸ்களாகிய நாங்கள் இன்றும் வார்டில் பார்க்கிறோம். எதிர்க்கட்டிலில் இருப்பவர் எந்த அணி என்று கேட்டுவிட்டு, அவர் தண்ணீர்க் குவளைக்கு எட்டாமல் தவித்தால் மணியடித்து எங்களைக் கூப்பிடுகிறவர்களும் அவர்கள்தான்.

ஆனால் அந்த 97 பேரின் சாவைக் கேலி செய்து பாடுகிறவர்களும் மைதானங்களில் உண்டு. 1958இல் மியூனிக் விமான விபத்தில் 23 பேர் மாண்டார்கள்; அதில் 8 பேர் மான்செஸ்டர் யுனைட்டட் வீரர்கள். அதையும் கேலிப்பாட்டாக்குகிறார்கள். 2023 மார்ச்சில் லிவர்பூல் மேலாளர் யூர்கன் க்ளாப்பும் மான்செஸ்டர் மேலாளர் எரிக் டென் ஹாகும் சேர்ந்து, இதை நிறுத்துங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. இப்படிப் பாடுகிறவன் பிறக்கும்போதே கல்நெஞ்சனாகப் பிறக்கவில்லை. எதிரணி தோற்றால் நாவில் ஊறும் ஒரு சின்ன இனிப்பு, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து அங்கே கொண்டுபோய் விடுகிறது.

அந்த இனிப்பைத்தான் நீதிமொழிகள் 24:17 நம்மிடமிருந்து கேட்டு வாங்குகிறது. விழுந்தவன் சத்துருவாக இருந்தாலும் அவன் விழுகையில் மகிழாதே என்கிறது. ரோமர் 12:15 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அழுகிறவர்களோடு சேர்ந்து அழுவதை மட்டும் பவுல் கேட்கவில்லை. மகிழ்கிறவர்களின் மகிழ்ச்சியிலும் பங்குகொள்ளச் சொல்கிறார். இரண்டில் எது கடினம் என்று கேட்டோம். "ரெண்டாவதுதான்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். உண்மைதான். 1989இல் எவர்டன்காரர் லிவர்பூல்காரரோடு அழுதார். ஆனால் நம் அணி தோற்ற இரவில் ஜெயித்தவனைப் பார்த்து மனதார "நல்லா ஆடினீங்க" என்று சொல்ல, மாம்சத்தால் ஆகாது, கிருபை வேண்டும். நம் மதிப்பு கோல் எண்ணிக்கையில் இல்லை, கிறிஸ்து நம்மை நேசித்து விலை கொடுத்ததில் இருக்கிறது என்று நம்புகிறவனுக்கே அந்தக் கை நீளும்.

அடுத்த டெர்பியை சபை மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். வாலிபரே இரண்டு ஒழுங்கு வைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்தார் பந்தியில் முதலில் உட்கார வேண்டும். ஜெயித்தவர்கள் டீயும் வடையும் பரிமாற வேண்டும். தோற்றவர்கள் எதிரணி ஆட்டத்தில் கண்ட ஒரு நல்லதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேசாதிருந்த இரண்டு பேரில் ஒருவர் வடைத் தட்டோடு மற்றவர் முன் வந்து நின்றார். "உங்க கோல்கீப்பர் இல்லேன்னா நாங்க நாலு போட்டிருப்போம்" என்றார். மற்றவர் சிரித்துக்கொண்டே இரண்டு வடை எடுத்துக்கொண்டார்.

தம்பி தங்கைகளே, உங்கள் அணியை விட்டுவிடச் சொல்லவில்லை. தொண்டை வறளக் கத்துங்கள், தோற்றால் வருந்துங்கள். ஆனால் ஆட்டம் முடிந்த இரவு படுக்கைக்குப் போகுமுன், மறுபக்கத்து நண்பன் ஒருவனின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரை வெகுநாள் பகைக்க முடியாது. கர்த்தர் தாமே நம் ஐக்கியத்தைக் காத்துக்கொள்வாராக. ஆமென்.