எடைக்குப் போன ஏடுகள்

ஆய்வாளர் மறைந்த பின்னர் அவருடைய ஆய்வின் வரலாற்றைக் காப்பது எது? இவ்வினா என் நெஞ்சை நெடுநாளாக உறுத்தி வருகின்றது.

மருத்துவர் ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்திராபாதில் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில், மலேரியாக் கிருமிக்கே உரிய கருநிறத் துகள்கள் பொருந்திய அணுக்களைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய குறிப்பேடுகளும் மடல்களும் இன்று லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன.

அவர் எழுதி வைத்தமையாலன்றோ ஹுசைன் கான் என்னும் நோயாளியை நாம் அறிகிறோம்! ராஸ் அறுத்து நோக்கிய கொசு உண்டது அவருடைய குருதியே. கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. 1898இல் கல்கத்தாவில் துணைநின்ற முகம்மது பக்ஷின் பெயரும் அவ்வாறே எஞ்சிற்று. பரிசு ஒருவருக்கு, உழைப்போ பலருடையது. அதற்குச் சான்று தாளே.

என் பாட்டனார் நாட்டு மருத்துவர். நோயாளியின் பெயர், ஊர், கொடுத்த மருந்து, கண்ட பலன் ஆகியவற்றை நாற்பதாண்டுக் காலம் பேரேடுகளில் எழுதி வந்தார். அவர் மறைந்தபின், வீட்டுக்கு வெள்ளையடித்த வேளையில், அவற்றை எடைக்குப் போட்டவன் நானே. எத்தனை ஹுசைன் கான்கள் அவற்றோடு மறைந்தனரோ!

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்துப் பரணில் பழைய ஏடு கிடக்குமாயின், எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து படியுங்கள். நான் படிக்கவில்லை.