திமிங்கலத்தை இடம் மாற்றியவர்

முதுகெலும்புள்ள விலங்குகளை மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்தாகப் பிரித்துப் பள்ளியில் படித்தோம். அஞ்சறைப் பெட்டி போல எடுக்கவும் வைக்கவும் சுலபமான ஏற்பாடு. தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்தது. அதோடு பலருக்கு மறந்தும் போயிற்று. பிரித்துப் போடும் பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை. வயது ஏற ஏற அது கெட்டிப்படுகிறது. வீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளையோ, எதிர்வீட்டுக்குக் குடிவந்தவரோ, காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவருக்கு ஓர் அறை ஒதுக்கிவிடுகிறோம். அப்புறம் அவர் என்ன செய்தாலும், நாம் முதல் நாள் சொன்னதற்குச் சாட்சியாகவே அது நம் கண்ணில் படுகிறது.

இந்தச் சுபாவம் முற்றியவர்களுக்கு நான் கார்ல் லின்னேயஸின் கதையைச் சொல்வதுண்டு.

உயிரினங்களை வகைப்படுத்தும் முறைக்கு அடித்தளம் போட்ட ஸ்வீடன் நாட்டு அறிஞர் அவர். 1735-இல், தன் 28-ஆவது வயதில், ‘சிஸ்டமா நேச்சுரே’ என்ற நூலை வெளியிட்டார். சில பெரிய தாள்கள்தான். ஆனால் உலகத்து உயிர்கள் அத்தனைக்கும் அதில் இடம் ஒதுக்கியிருந்தார். அதில் திமிங்கலம் மீன்களோடு இருந்தது. கடலில் இருக்கிறது, துடுப்பும் வாலும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? மீன்களைப் பொறுத்தவரை அவர் நம்பியது பீட்டர் ஆர்டெடி என்ற நண்பரை. இருவரும் உப்சாலாவில் ஒன்றாகப் படித்தவர்கள். நம்மில் ஒருவன் முந்திக்கொண்டால் மற்றவன் அவன் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். அதே 1735-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் இரவு ஆர்டெடி கால்வாயில் விழுந்து இறந்துபோனார். வயது முப்பது. லின்னேயஸ் வாக்குத் தவறவில்லை. நண்பரின் கையெழுத்துப் படிகளைக் கேட்டு வாங்கி 1738-இல் அச்சேற்றினார். மீன்களைப் பற்றிய அறிவியலுக்கு அதுதான் அஸ்திவாரம். அந்த நூலிலும் திமிங்கலம் மீன்தான்.

இருபது வருடம் கழிந்தது. 1758-இல் தன் நூலின் பத்தாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது லின்னேயஸுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஐரோப்பா முழுக்கப் பெயர். அந்தப் பதிப்பில் அவர் திமிங்கலத்தை மீன்களிலிருந்து எடுத்தார். வெப்ப ரத்தம், நுரையீரல், குட்டிக்குப் பால்: இவற்றைக் கணக்கில் எடுத்தால் அது பசுவோடும் நாயோடும் நம்மோடும் சேர வேண்டியது. அதுவரை அந்த வகுப்புக்கு ‘நாலுகால் விலங்குகள்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார். இந்தப் பதிப்பில் அதையும் தூக்கிவிட்டுப் ‘பாலூட்டிகள்’ என்று வைத்தார். இறந்துபோன நண்பர் எழுதியதையும், தான் இருபத்தெட்டு வயதில் எழுதியதையும் ஒருசேர அடித்து எழுதுவது லேசான காரியம் இல்லை. ஐம்பது வயதில் ஒரு கருத்தை மாற்றிக்கொள்வதே அபூர்வம். அதை அச்சில் ஏற்றுவது அதைவிட அபூர்வம்.

இத்தனைக்கும் விஷயம் புதிதல்ல. டால்பின் காற்றைச் சுவாசிக்கிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது என்று கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். தகவல் கையில் இருந்தது. கண்தான் வாலிலும் துடுப்பிலும் நின்றுவிட்டது. அந்த வாலையாவது சரியாகப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டி நீந்தும். திமிங்கலம் மேலும் கீழுமாக அடித்து நீந்தும்.

லின்னேயஸை இதோடு விட்டுவிட்டால் அவரைத் தெய்வமாக்கிவிடுவோம். திமிங்கலத்தைச் சரியான இடத்தில் சேர்த்த அதே பதிப்பில் அவர் சுறாவையும் திருக்கையையும் எங்கே வைத்தார் தெரியுமா? தவளை, பாம்பு, பல்லி, முதலை இவற்றோடு. ‘இருவாழ்விகள்’ என்ற அந்த வகுப்பை அருவருப்பானவை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். மதித்த விலங்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்த மனிதர், பிடிக்காதவற்றை எல்லாம் அள்ளி ஒரே மூலையில் போட்டார். நாமும் வேண்டாதவர்களை அப்படித்தான் செய்கிறோம். ‘அந்தக் கும்பல்’ என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது.

நின்று பார்த்தால் தவளையும் பல்லியும் எவ்வளவு வேறு! தவளையின் தோல் ஈரமானது, அதன் வழியாகவும் அது சுவாசிக்கும். முட்டைக்கு ஓடு கிடையாது, வழவழவென்று தண்ணீரில் மிதக்கும். தலைப்பிரட்டைக்குச் செவுள் உண்டு. பல்லிக்கு வறண்ட செதில் தோல். ஓடுள்ள முட்டையைச் சுவர் இடுக்கில் வைத்துவிட்டுப் போய்விடும், தண்ணீரே வேண்டாம். 1825-இல் லாத்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டையும் தனி வகுப்புகளாகப் பிரித்தார்.

திமிங்கலத்தின் புது இடத்தைப் படித்தவர்கள் ஒத்துக்கொண்டால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? 1818-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. மீன் எண்ணெயை அரசு ஆய்வாளர் சோதிக்க வேண்டும் என்று சட்டம். ஜட் என்ற வியாபாரி, திமிங்கல எண்ணெய் மீன் எண்ணெய் ஆகாது, சோதனையும் கட்டணமும் எதற்கு என்று மறுத்தார். சாமுவேல் மிட்சில் என்ற பேரறிஞர் கூண்டில் ஏறி, திமிங்கலம் மீன் அல்ல என்று சாட்சி சொன்னார். ஜூரிகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, திமிங்கலம் மீனே என்று தீர்ப்புச் சொன்னார்கள். பத்தாம் பதிப்பு வந்து அறுபது வருடம் ஆகியிருந்தது.

திமிங்கலத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்கிறது நம் பனையேறிக் கெண்டை. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு வைத்துக்கொண்டு காற்றைச் சுவாசிக்கும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். குளம் வற்றினால் ஈரத்தரையில் உந்தி உந்தி அடுத்த குளத்துக்குப் போகும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791-இல் குளக்கரைப் பனை ஒன்றின் பட்டைப் பிளவில் இந்த மீனைப் பிடித்ததாக லண்டனுக்கு எழுதினார். பனை ஏறுவதைப் பிற்காலத்து ஆய்வாளர்கள் நம்பவில்லை. தரையில் போவதை யாரும் மறுக்கவில்லை. தரையில் போனாலும் அது மீன்தான். கடலிலேயே பிறந்து கடலிலேயே செத்தாலும் திமிங்கலம் மீன் இல்லை. இருக்கும் இடம் உறவைச் சொல்லாது. வந்த வழிதான் சொல்லும்.

திமிங்கலம் வந்த வழி நம் நாட்டுப் பாறையிலும் இருந்தது. ரங்கா ராவ் என்ற புவியியலாளர் ஜம்மு பகுதியின் காலாகோட்டில் சேகரித்த பாறைகள் பல வருடம் பெட்டிகளில் கிடந்தன. அவர் காலமான பின் அவர் மனைவி அவற்றைத் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். சுத்தம் செய்தபோது ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதி தற்செயலாக உடைந்தது. உள்ளே திமிங்கலக் குடும்பத்துக்கே உரிய தடித்த எலும்பு! ஏறக்குறைய 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, சின்ன மானைப் போன்ற அந்த விலங்குக்கு ‘இண்டோஹையஸ்’ என்று பெயர். 2007-இல் செய்தி வெளிவந்தது. இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை.

பள்ளியில் படித்த ஐந்து அறைகளும் இப்போது ஆட்டம் கண்டிருக்கின்றன. முதலைக்குப் பல்லியைவிடக் காக்கை நெருங்கிய சொந்தம். நுரையீரல் மீனுக்குக் கெண்டையைவிட நாம் நெருங்கிய சொந்தம். என் வயதுக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், ஆனால் பேரன் சொல்லும்போது ‘எங்கள் காலத்தில் அப்படி இல்லை’ என்று வாயை மட்டும் அடைக்க வேண்டாம்.

சென்னைப் பக்கம் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பெரிய திமிங்கல எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. துடுப்பு எலும்புகளைக் காட்டி, மேற்கை எங்கே, முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே, விரல் எங்கே என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.