குரூப் போட்டோவும் அனாமத்துக் கணக்கும்



"சார், எங்க பேட்ச் குரூப் போட்டோ என்னாச்சு?" என்று பல பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்: படங்கள் பத்திரம்.

1988 முதல் 2016 வரையிலான வகுப்புப் படங்களை உங்களிடம் இரவல் வாங்கி ஸ்கேன் செய்துவருகிறேன் அல்லவா? என்னுடையது லினக்ஸ் மின்ட் போட்ட பழைய டெஸ்க்டாப். போன வாரம் மழையில் அரை மணி நேரத்துக்குள் நான்கு முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. யூ.பி.எஸ். பேட்டரியும் கைவிட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையும் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற ஒற்றைச் சொல்லும்தான்.

"ஃபார்மட் அடிச்சிடலாம் சார், ஒரு மணி நேர வேலை" என்றார் கடைக்காரத் தம்பி. நான் சம்மதிக்கவில்லை. நம்மை விட்டுப் போன ஒரு மாணவனின் அம்மா, அவன் பிளஸ் டூ படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தார். அதுவும் அதற்குள்தான் இருந்தது.

என்னிடம் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் பதிந்து, பிறகு பேரேட்டுக்கு எடுத்தெழுதுவோம். லினக்ஸின் 'எக்ஸ்ட்4' கோப்பு முறையும் அப்படித்தான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரத்தை முதலில் 'ஜர்னல்' பகுதியில் எழுதும். அப்புறம்தான் உரிய இடத்தில் எழுதும். நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை ஜர்னலைப் பார்த்து மிச்சத்தை முடித்துக்கொள்ளும். அடுத்தடுத்து அடி விழுந்தால் சில சமயம் அதனால் முடியாமல் போகும். அப்போது குழம்பியிருப்பது பேரேடு. பீரோவில் உள்ள ரசீதுகள் எரிந்துவிட்டதாக அர்த்தமில்லை.

பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பார்த்தேன். டிஸ்க்கில் பழுதில்லை. அடுத்து, பழுதான பகுதியைப் படிக்க மட்டும் திறந்து, கிடைத்த படங்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்தேன். ஒரு ஃபோல்டர் மட்டும் காலியாக இருந்தது. அந்தப் பகுதியை மூடிவிட்டு 'எஃப்.எஸ்.சி.கே.' என்ற சரிபார்ப்பு நிரலை ஓட்டினேன். திறந்திருக்கும்போது ஓட்டினால் உள்ளதும் கெடும்.

எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியாத கோப்புகளை அது 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற இடத்தில், பெயருக்குப் பதில் எண் போட்டு வைக்கும். நம் அனாமத்துக் கணக்கேதான்! ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஏழாவதில் அந்தப் பையன், முதல் வரிசையில், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு சிரித்துக்கொண்டிருந்தான். படத்தை அன்றே பிரின்ட் போட்டு அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

உங்களில் யாருக்காவது இப்படி வந்தால் வரிசையை மறக்காதீர்கள்: முதலில் டிஸ்க்கைச் சோதியுங்கள், அடுத்து நகல் எடுங்கள், பிறகு பழுது பாருங்கள். ஃபார்மட் கடைசி.

யூ.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி மாற்றியாயிற்று. 1994 பேட்ச் படத்தில் பின் வரிசையில் மூன்று பேரின் பெயர் எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.